சத்தத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை

எங்கள் வீட்டில் பானையை அடுப்பிலிருந்து இறக்குவதென்றால்கூடச் சொல்லிவிட்டுத்தான் இறக்க வேண்டும். "பானையை இறக்குறேங்க" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் கொடுப்பேன். முன்னறையில் என் வீட்டுக்காரர் "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் பானை தரையைத் தொடும். ஜன்னலைச் சாத்துவதற்கும், உரலில் மிளகாய் இடிப்பதற்கும், தேங்காய் உடைப்பதற்கும் இதே சட்டம்தான். சட்டத்தைப் போட்டவள் நான். அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் அப்போது பலகைச் சுவர்கள். இந்தப் பக்கம் பிள்ளை தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்று வாழ்த்து வரும். அடுத்த வீட்டு அக்கா இஞ்சின் ஷெட்டிலேயே மூத்த டிரைவரின் மனைவி. கேலி பேசாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஏம்மா, தேங்கா உடைக்கிறதுக்கும் நீ தண்டோரா போடுவியா? உத்தரவு வாங்காம கரண்டியைக்கூட எடுக்க மாட்ட போல" என்பாள் சுவருக்கு அப்பாலிருந்து.

"எடுத்தா உங்க முதுகுலதான் எடுப்பேன் அக்கா" என்பேன் நான்.

குழாயடியில் எல்லோரும் சிரிப்பார்கள். புருஷனுக்கு இப்படி நடுங்குகிறவளை எங்கேயும் பார்த்ததில்லை என்று பேசிக்கொள்வார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திருப்பிக் கொடுக்கத் தெரியாதவள் இல்லை. ஆனாலும் அந்தக் கேலியை வளரவிட்டேன். நடுங்குவது நான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த வரைக்கும் எங்களுக்கு நல்லது.

அவர் சண்டைக்குப் போகும்போது இஞ்சினில் கரி போடுகிற ஃபயர்மேன். கடலுக்கு அப்பால் அரபு தேசத்தில், பாஸ்ரா பக்கம் சண்டை நடக்கிறது, ரயில் ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டும், போய்வந்தால் டிரைவர் வேலை என்று ஷெட்டில் சொன்னார்களாம். இவர் கையைத் தூக்கினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

திரும்பி வந்தபோது காக்கிச் சட்டை தோளில் தொங்கியது. மாலை போட்டார்கள். சந்தனம் பூசினார்கள். ஷெட்டுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து சண்டைக் கதை கேட்டார்கள். அவர் பேரீச்சம்பழத்தைப் பற்றிச் சொன்னார். ஈயைப் பற்றிச் சொன்னார். தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொன்னார். "பட்டாளத்துக்காரரு பெருமை பேச மாட்டேங்கிறாரு" என்று அவர்கள் இன்னும் அதிகமாக மெச்சிக்கொண்டு போனார்கள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் பித்தளைச் செம்பு என் கை நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் மனுஷன் இருந்த இடத்தில் இல்லை. கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு கிடந்தார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. குனிந்து முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. என்னைப் பார்த்த கண்ணுக்கு நான் யாரென்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, சோறு ஆறிப்போன பிறகு, தானாக வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நானும் பரிமாறினேன்.

பாஸ்ராவில் என்ன நடந்தது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். காயம்பட்ட சிப்பாய்களைப் படுக்கவைத்து ஏற்றிக்கொண்டு வந்த வண்டி. இவர் இஞ்சினில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். தண்டவாளத்துக்கு அடியில் யாரோ வெடிமருந்து புதைத்து வைத்திருக்கிறார்கள். இஞ்சின் தாண்டிய பிறகு அது வெடித்தது.

"திரும்பிப் பார்த்தேன். பின்னால வண்டியே இல்ல" என்றார். "இஞ்சின் இருக்கு, நான் இருக்கேன், வண்டி இல்ல. ஒரு சத்தம், அவ்வளவுதான். சத்தம் வரப்போவுதுன்னு யாராச்சும் ஒரு வார்த்தை..." அதோடு நிறுத்திவிட்டார்.

எனக்கு வழி காட்டியது அந்தப் பாதி வாக்கியம்தான். சீனப் பெருநாள் நெருங்கியபோது சடை பின்னின பெரிய பட்டாசுச் சரத்தை எங்கள் முனைக் கடையில் தொங்கவிட்டிருந்தார்கள். கடையின் சீன முதலாளி தவுக்கேயிடம் எப்போது கொளுத்துவாய் என்று மலாயில் கேட்டு வைத்துக்கொண்டு வந்து, "இப்ப வெடிக்கப்போவுதுங்க, ரொம்ப நேரம் வெடிக்கும்" என்றேன். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெடித்தது. வேர்த்து ஊற்றியது. ஆனால் எழுந்து ஓடவில்லை. ஓய்ந்த பிறகு என்னைப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். முன்கூட்டியே சொன்ன சத்தத்தை இந்த மனுஷனால் தாங்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சொல்ல முடியாத இடத்துக்கு ஒரு சைகையும் வைத்துக்கொண்டோம். கோவிலில் மேளம் ஓங்கப்போகிறது என்றால் கூட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கையையும் என் காதில் பொத்திக்கொண்டு தலையை ஆட்டுவேன். அவர் "ம்" என்று உதட்டை மூடுவார்.

இதை ஏன் ஊருக்கு மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இன்னொருவர் இருந்தார். இவரோடு ஒரே கப்பலில் போய் ஒரே கப்பலில் வந்தவர். ஒருநாள் யார்டில் வேலை செய்துகொண்டிருந்தபோதே கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார். டாக்டர் பார்த்தார். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஊர்ப் பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கேதான். வேலை போனால் கோட்டர்ஸும் போகும். அவர் பெண்சாதி சட்டி பானையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனாள். வண்டி என் வாசலைத் தாண்டும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? என் வீட்டுக்காரர் யார்டில் பெட்டிகளைத் தள்ளுகிற சின்ன இஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்த சமயம், தண்டவாளத்தின் மேல் ஒரு பிஸ்கட் டின் மூடி கிடந்திருக்கிறது. காற்று கொண்டுவந்து போட்ட மூடி. இவர் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்துவிட்டார். பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி யார்டே திரும்பிப் பார்த்தது. ஷெட் துரை கூப்பிட்டு விசாரித்தார்.

சாயங்காலம் காலைக் கழுவிக்கொண்டே அவர் அதை என்னிடம் சொன்னார். "இன்னொரு தடவை காரணமில்லாம நிறுத்தினா டாக்டர்கிட்ட அனுப்புவேன்னாரு துரை."

"வேணாங்க. இஞ்சின் வேலையே வேணாம். கேட் கீப்பர் வேலை கேளுங்க. சின்ன வீடு குடுத்தாலும் போதும்" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இஞ்சின் மேல இருக்கிறப்ப என் கை நடுங்குறதில்ல" என்றார். "கீழ நிக்கிறப்பதான் நடுங்குது. இறக்கி விட்டுட்டாங்கன்னா நான் என்னாவேன்னு எனக்கே தெரியல."

இஞ்சினில் இருந்தால் ஒருநாள் பிடிபடுவார் என்று பயம். இறங்கினால் ஆளே இருக்க மாட்டார் என்று பயம். இரண்டுக்கும் நடுவில், அவர் வண்டியில் ஏறப்போகிற ஜனங்களை நினைத்தும் பயந்தேன். பிள்ளைகுட்டியோடு ஏறுவார்களே, இவரை நம்பி. அந்தப் பயத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

டிரைவர் பரீட்சையில் தேறிவிட்டார். கிள்ளான் வண்டி கொடுத்தார்கள். காலையில் கோலாலம்பூர் ஸ்டேஷனில் கிளம்பி எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கேட்டைத் தாண்டி, கிள்ளான் போய், துறைமுகம் வரை போய்த் திரும்புகிற பாசஞ்சர். நான் கிள்ளானில் பிறந்தவள். கல்யாணம் முடிந்து அந்த வண்டியில்தான் பிரிக்பீல்ட்ஸ் வந்தேன். இப்போது என் புருஷனே அதை ஓட்டப்போகிறார். சந்தோஷப்பட வேண்டிய காலைநேரத்தில் நான் சத்தங்களைத் தேடித்தேடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சினுக்குப் பூசை போடுவாங்க. பம்பர் மேல தேங்கா உடைப்பாங்க. சத்தம் வரும்" என்றேன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டபடி.

"ம்."

"எல்லாரும் கை தட்டுவாங்க."

"ம்."

"ஸ்டேஷன்ல பாலும் பழமும் கையுமா எவனாச்சும் முதுகுல தட்டுவான்."

"அதுக்கெல்லாம் பயப்பட மாட்டேன்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. முனைக் கடையில் போய்ப் பட்டாசு ஏதும் தொங்குகிறதா என்று பார்த்து வந்திருந்தேன். பெருநாள் எதுவும் கிட்டத்தில் இல்லை. எல்லாவற்றையும் யோசித்தாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஷெட்டில் தேங்காய் உடைத்தார்கள். அவர் அசையவில்லை. மஞ்சள் குங்குமம் வைத்த இஞ்சின் ஸ்டேஷன் பக்கம் போனது. அவரோடு போகிற பஞ்சாபி ஃபயர்மேன் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டார். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். அடுத்த வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஒரு மாதிரி சிரித்தாள்.

"இங்க என்ன பண்ற? கேட் பக்கத்துல போய் நில்லு. உன் வீட்டுக்காரருக்கு மரியாதை வச்சிருக்காங்க."

"என்ன மரியாதை?"

"என்ன மரியாதையா? ரயில்வேக்காரன் பொண்டாட்டி கேக்குற கேள்வியா இது? தண்டவாள வெடிதான். எங்க வீட்டுக்காரரே முன்ன நின்னு கட்டிகிட்டிருக்காரு. பட்டாளத்துக்காரருக்கு ஒண்ணு ரெண்டோட விடுவாங்களா? வரிசையா வச்சிருக்காங்க."

தண்டவாள வெடி என்றால் குங்குமச் சிமிழ் அளவில் ஒரு தட்டை டின். இரண்டு பக்கமும் ஈயப் பட்டை. அதை மடக்கித் தண்டவாளத்தில் கட்டிவிடுவார்கள். பனியிலும் மழையிலும் கைகாட்டி தெரியாதபோது, அல்லது முன்னால் பாதை பழுதென்றால், வைப்பது. சக்கரம் ஏறினால் வெடிக்கும். சத்தம் கேட்டால் டிரைவர் நிறுத்த வேண்டும். சட்டப்படி அதற்குத்தான். ஆனால் ரயில்வேக்காரர்கள் அதைத் தங்கள் நல்லது கெட்டதற்கும் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணம் ஆகிப் பெண் மாப்பிள்ளை வருகிற வண்டிக்கு வைப்பார்கள். ஓய்வு பெறுகிறவரின் கடைசி வண்டிக்கு வைப்பார்கள். டிரைவரான முதல் நாளுக்கும் வைப்பார்கள். துரைமார் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார்கள்.

எங்கள் கல்யாண வண்டிக்கும் வைத்தார்கள். நான் அலறிப்போனேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, துண்டைச் சுழற்றிக்கொண்டு, இன்னும் வை, இன்னும் வை என்று கத்தினார். அந்தக் காலத்தில் அவர் அப்படி. அதை வைத்து ஷெட்டில் எத்தனையோ வருஷம் கேலி பேசினார்கள். அவருக்குப் பிடித்ததைத்தான் செய்கிறோம் என்று நினைத்து அவர்கள் ஆசையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்தில் ஒரு டின். அவருடைய வண்டிக்கு முன்னால்.

அக்காவிடம் எதுவும் சொல்லாமல் ஓடினேன். செருப்புப் போடவில்லை. கூந்தல் அவிழ்ந்தது. வழியில் யாரோ, "என்னம்மா, தீயா?" என்று கேட்டார்கள்.

கேட்டை மூடியிருந்தார்கள். மாட்டுவண்டிகளும் ரிக்ஷாக்களும் இரண்டு பக்கமும் நின்றன. வண்டிக்கு வழிவிட்டுக் கைகாட்டி ஏற்கெனவே இறங்கியிருந்தது. கேட் கீப்பரும் ஷெட்டுக்காரர்கள் சிலரும் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். நடுவில் அக்காவின் வீட்டுக்காரர், மூத்த டிரைவர். அன்றைக்கு அவருக்கு லீவு. வெள்ளை வேட்டியில் இருந்தார்.

"அண்ணே, அதை எடுத்துடுங்க" என்றேன்.

"எதைம்மா?"

"வெடியை. எடுத்துடுங்க. அவருக்கு ஆகாது."

எல்லோரும் சிரித்தார்கள். "பீரங்கிச் சத்தம் கேட்ட மனுஷன்மா. அவருக்குப் போய் இது ஆகாதா? உனக்குத்தான் பயம். நீ காதைப் பொத்திக்க" என்றார் அவர்.

இத்தனை நாள் எதை மறைத்தேனோ அதை இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் சாயங்காலத்துக்குள் ஷெட்டுக்கே தெரிந்துவிடும். நாளைக்கு டாக்டர். அப்புறம் தஞ்சோங் ரம்புத்தான். எனக்கு மாட்டுவண்டி. சொல்லாவிட்டால், வண்டி நிறைய ஜனங்களோடு அவர் அந்த டின்னின் மேல் ஏறப்போகிறார்.

"அவரு பயப்படுவாரு அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "பாஸ்ராவுல அவரு வண்டிக்கு வெடி வச்சாங்க. திரும்பிப் பார்த்தப்ப வண்டி இல்ல. அன்னைலேருந்து வீட்டுல செம்பு விழுந்தாக்கூடக் கட்டிலுக்கடியில போயிடுவாரு. சொல்லிட்டு வர்ற சத்தம்னா தாங்குவாரு. இதை யாரும் அவருக்குச் சொல்லலியே."

மூத்த டிரைவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது, அப்புறம் இறங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்டவாளத்துக்கு ஓடினார். குனிந்து முதல் வெடியின் ஈயப் பட்டையை நெம்பினார். கழன்றது. அடுத்ததில் கை வைக்கும்போது விசில் கேட்டது. வளைவில் இஞ்சின் தெரிந்தது.

"வெலகுங்க அண்ணே, வெலகுங்க" என்று கேட் கீப்பர் கத்தினார்.

மிச்சம் இருந்தவற்றைக் கழற்ற நேரமில்லை. நான் தண்டவாளத்து ஓரமாக, சரளைக் கல்லில், வண்டி வருகிற பக்கமாக ஓடினேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அவருக்கு முன்னால் சொல்வதுதான். வெடி இருக்கிற இடத்துக்கு முன்பாகவே அவர் என்னைப் பார்த்தாக வேண்டும்.

இஞ்சின் என்னைப் பார்த்து வந்தது. அவர் பக்கவாட்டில் தலையை நீட்டிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். நான் நின்றேன். இரண்டு கையையும் காதில் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினேன். கோவிலில் ஆட்டுகிற மாதிரி அல்ல, பேய் பிடித்தவள் மாதிரி ஆட்டினேன்.

அவர் பார்த்தார். முகம் வெளுத்தது. அப்புறம் அவர் உதடு மூடியது. அந்த "ம்" இரைச்சலில் கேட்கவில்லை. கண்ணால் பார்த்தேன்.

அடுத்த நொடி வெடித்தது. ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று, இன்னொன்று. காக்கைகள் எல்லாம் எழும்பின. மாடு ஒன்று வண்டியோடு திமிறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் பிடிக்கிற கிரீச்சு கேட்டது. அது ஒரே பிடியாகப் பிடித்த பிரேக் இல்லை, நீளமாக, நிதானமாகப் பிடித்தது. கண்ணைத் திறந்தபோது வண்டி கேட்டில் நின்றிருந்தது.

அவர் இறங்கினார். கம்பியை விட்ட கை நடுங்குவது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. என் பக்கம் வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. இஞ்சினுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முதல் பெட்டியிடம் போய் உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். அப்படியே கையை எடுக்காமல் நடந்து அடுத்த பெட்டிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. அவர் ஒவ்வொரு ஜன்னலாக நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்டார். "இருக்கீங்களா? எல்லாரும் இருக்கீங்களா?"

வெற்றிலைக் கூடையோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், "இருக்கோம்யா. எங்க போயிடப்போறோம்?" என்றாள். "நீங்க வண்டியை எடுங்க. கிள்ளான் பாசார் கலைஞ்சுடும்."

அவர் அவளைக் கும்பிட்டார். அவள் எதற்கென்று தெரியாமல் திருப்பிக் கும்பிட்டாள்.

கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு இறங்கிக் கொடியும் கையுமாக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பான மனுஷர். அவருடைய வாய்வார்த்தை துரையிடம் எடுபடும்.

"ஏன் வண்டியை நிப்பாட்டினனீர்?" என்றார்.

என் வீட்டுக்காரர் அவரையும் அதே கேள்விதான் கேட்டார். "எல்லாரும் இருக்காங்களா?"

கார்டு அவர் முகத்தைப் பார்த்தார். பெட்டியின் மேல் வைத்திருந்த கையைப் பார்த்தார். செருப்பில்லாமல் பின்னால் நிற்கும் என்னைப் பார்த்தார்.

அதற்குள் மூத்த டிரைவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "வெடி கேட்டா நிப்பாட்டணும்ங்கிறது சட்டம், கார்டு ஐயா. அவரு சட்டப்படிதான் நிப்பாட்டினாரு."

"வெடியை ஆர் வைச்சது?"

கேட் கீப்பர் ஆகாயத்தைப் பார்த்தார். மற்றவர்கள் அவரவர் காலைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றார் மூத்த டிரைவர்.

கார்டு கொடியைச் சுருட்டினார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "எல்லாரும் இருக்கினம். நான் கடைசியிலை இருந்து பாத்துக்கொண்டுதான் வாறன். ஒருத்தரும் குறையேல்லை" என்றார். "போய் எடும். நேரம் போகுது."

அவர் திரும்பி நடந்தார். என்னைத் தாண்டும்போது நிற்காமலே, "வீட்டுக்குப் போ. கால்ல ரத்தம் வருது பாரு" என்றார். இஞ்சின் கிளம்பியது. கேட்டைத் திறந்தார்கள். வண்டிகள் போயின. யாரும் என்னிடம் எதுவும் பேசவில்லை. நான் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைய பகலை நான் எப்படிக் கழித்தேன் என்பதை எழுதினால் படிப்பவர்களுக்கு அலுப்பாக இருக்கும். பரணிலிருந்து சட்டிகளை இறக்கினேன். எதை எடுத்துப் போவது, எதை விடுவது என்று பிரித்து வைத்தேன். திரும்பவும் ஏற்றினேன். கிள்ளான் பக்கம் விசில் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்து விசில் இங்கே எப்படிக் கேட்கும்? அதைவிட என்னை வாட்டியது பலகைச் சுவர்தான். அக்கா வீட்டில் பேச்சுமூச்சு இல்லை. அவள் வீட்டுக்காரர் போய் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். கேலி பேசவாவது ஒரு குரல் கொடுக்க மாட்டாளா என்றிருந்தது. ஊர் ஒதுக்கிவிட்டது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

சாயங்காலம் வந்தார். கரிமுகத்தோடு வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

"துரை கூப்பிட்டாரு" என்றார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் நிறுத்தினேன்னு கேட்டாரு. வெடிச் சத்தம் கேட்டுச்சு, நிறுத்தினேன்னேன். சரிதான், சட்டம் அதுதானேன்னாரு. வெடி வச்சதுக்கு அடுத்த வீட்டு அண்ணனுக்குத்தான் நல்ல திட்டு. பழைய சரக்கு, நமுத்துப் போச்சான்னு சோதிச்சேன்னு சொல்லிட்டு வாங்கிக் கட்டிகிட்டாரு."

"இஞ்சின்?"

"நாளைக்கும் கிள்ளான் வண்டி எனக்குத்தான்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். "வெடிச்சுது. திரும்பிப் பார்த்தேன். வண்டி இருந்துச்சு" என்றார். நானும் அவர் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அதோடு எல்லாம் குணமாகிவிட்டது என்று எழுதினால் பொய். அவர் வேலையிலிருந்து நின்ற வரைக்கும், கிள்ளானிலும் துறைமுகத்திலும் வண்டி நின்றதும் இறங்கிக் கடைசிப் பெட்டி வரை கை வைத்துக்கொண்டே போய் வருவார். புதிதாக வந்த துரைமார் இவர் வண்டியை அக்கறையாகச் சோதிக்கிறார் என்று மெச்சினார்கள். கட்டிலுக்கு அடியில் பாய் எப்போதும் விரித்தே கிடந்தது. நானும் பயத்தை விடவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டில் அவர் விசில் கேட்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் அந்த முதல் வண்டிக்கு மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அவர் முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். பானையை இறக்குவதற்குச் சொல்லக்கூட வாய் வரவில்லை, அடுத்த வீட்டில் கேட்குமே என்று. ஊருக்குத் தெரிந்துபோன பிறகு எனக்கு அப்படியொரு கூச்சம்.

அப்போது சுவருக்கு அப்பால் உரலை இழுத்துப் போடுகிற ஓசை கேட்டது. பிறகு அக்காவின் குரல். கேலி இல்லை. கொஞ்சம் கூச்சத்தோடு, ஆனால் முன்னறைக்குக் கேட்கிற மாதிரி.

"தம்பி, மிளகா இடிக்கப்போறேன்."

நான் பானையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து எதுவும் தெரியவில்லை.

முன்னறையிலிருந்து "ம்" என்று வந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் உலக்கை விழுந்தது.